முகம் பார்த்து முடித்த கதைகள்

அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எத்தனையோ மணித்தியாலம் அவரைக் கெமராவில் பிடித்தவன் நான்தான். பிடித்ததெல்லாம் கேசட்டாகி, கேசட்டெல்லாம் குவைத்துக்கும் லெபனானுக்கும் போய்விட்டன. போனது ஒன்றும் திரும்பி வரவில்லை. பெயரை எழுதவும் எனக்கு மனமில்லை. எழுதினால், "என்னைய எதுக்குடா தம்பி கதைக்குள்ள இழுக்கிற" என்று எங்கிருந்தாலும் கேட்பார். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், கடைசிக் காம்பரா அவருடையது. அதனால் எல்லோருக்கும் அவர் கடைசி வீட்டக்கா.

எனக்கு எதையும் நேராகச் சொன்னால்தான் விளங்கும். சிரிப்பா, அழுகையா, எது என்று தெரிந்தால் அதற்கேற்றபடி கெமராவைத் திருப்புவேன். அக்காவோடு பழகிய ஆறேழு வருடத்தில் எனக்கு நேராக விளங்கிய விஷயம் ஒன்றுகூட இல்லை. இன்றைக்கு அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தும் அதே குழப்பம்தான். இவரை நல்லவர் என்று எழுதுவதா, ஒரு மாதிரியான ஆள் என்று எழுதுவதா என்றே முடிவு செய்ய முடியாமல் இருக்கிறேன்.

எங்களுடையது ரப்பர் தோட்டம். ரம்புக்கனையில் ரயிலைவிட்டு இறங்கி, பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் வந்து, அப்புறம் நடக்கவேண்டும். அக்கா பால் வெட்டுகிறவர். விடியும்போதே மரத்துக்கு மரம் போய்ப் பட்டையைச் சீவிவிட்டு, பகலில் சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி ஸ்டோரில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. எங்கள் பக்கம் மழைக்குக் குறைவும் இல்லை. அந்த நாட்களில் கடைசிக் காம்பரா வாசலில் பத்துப் பேராவது உட்கார்ந்திருப்பார்கள்.

வெட்டிய கோட்டில் முதல் நாள் பால் காய்ந்து நாடாபோல ஒட்டியிருக்கும். அதை உரித்து மடியில் கொஞ்சம் வைத்திருப்பார். கதை சொல்லும்போது விரல்கள் அதை உருட்டிக்கொண்டே இருக்கும். கதை முடியும்போது ஓர் உருண்டை முடிந்திருக்கும். பிள்ளைகள் அதைப் பந்தாக எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அந்த வாடை எனக்குப் பிடிக்காது. கதை கேட்க வேண்டுமென்றால் வாடையையும் சேர்த்துத்தான் சகிக்கவேண்டும்.

எல்லாம் அவரே கட்டிய கதைகள். எங்கேயும் கேட்டதுமில்லை, படித்ததுமில்லை. அவருக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். ஒருமுறை ஒரே நாளில் ஒரே கதையை மூன்று பேருக்கு அவர் சொன்னதைக் கேட்டேன். நன்றாகப் பாடத் தெரிந்த ஒருத்தி, காது கேளாதவன் ஒருவனைக் கட்டிக்கொள்கிறாள். காது கேளாது என்பதை அவன் அவளிடம் சொல்லவில்லை. தினமும் அந்தியில் அவள் பாடுவாள், அவன் தலையாட்டுவான். ஒருநாள் அவளுக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைக்கிறாள். அவன் எப்போதும்போலத் தலையாட்டுகிறான். அந்த இடத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்துபோகிறது.

புதிதாகக் கல்யாணம் முடித்து லயத்துக்கு வந்த பெண்ணுக்குச் சொன்னபோது, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், அவனும் சிரித்தான் என்று முடித்தார். பகலில் பால் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், தேத்தண்ணிக் கடை வைத்திருந்த சிங்களப் பெண்ணுக்கு அதையே சிங்களத்தில் சொன்னார். அங்கே அவள் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுப் போய்விட்டாள். அந்தக் கடைக்காரியின் புருஷன் அவளை விட்டுவிட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. "அனே, எத்தத?" என்று, உண்மையா என்று, அந்தப் பெண் கேட்டபோது அக்கா தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். பின்னேரம், மலையில் எங்களை வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளையின் வீட்டம்மாவுக்கு மூன்றாவது தடவை. அதில் அவள் கடைசி வரைக்கும் காட்டிக்கொள்ளவே இல்லை, சாகும் மட்டும் உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள் என்று முடிந்தது. அந்த அம்மா எழுந்து போனார்.

"எதுக்கா சரியான முடிவு?" என்று கேட்டேன்.

"எது சரின்னு பாக்க இது கணக்கா தம்பி? முக்காவாசி கதைதான் என்னுது. மிச்சம் கேக்கிறவங்க மூஞ்சில இருக்கும். அதப் பாத்துச் சொல்லிடுவேன்."

"அப்ப அது பொய்தானே?"

"நீ ஒரு மடையன்டா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

அவர் இந்த வித்தையை வைத்துக்கொண்டு ஊரையே ஆட்டுகிறாரோ என்று சில சமயம் நினைத்திருக்கிறேன். கணக்கப்பிள்ளை விஷயம் அப்படித்தான். எப்போது பார்த்தாலும் கத்துகிற ஒரு மனுஷனின் சத்தம், அவனோடு வீட்டுக்குத் திரும்ப மறுத்து மலையிலேயே தங்கிவிட்டது, வீட்டில் சொந்தப் பிள்ளையைக் கூப்பிட வாயில் சத்தம் இல்லை என்று ஒரு கதை சொன்னார். அது தன்னைப் பற்றியதுதான் என்று யாரோ கணக்கப்பிள்ளை காதில் போட, மனுஷன் பிரம்பை ஆட்டிக்கொண்டு லயத்துக்கே வந்துவிட்டார். அக்கா வாளியைக் கவிழ்த்துப்போட்டு, "உக்காருங்க ஐயா, முழுசா கேட்டுட்டு ஏசுங்க" என்றார். முழுக் கதையையும் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அந்தியில் அந்தச் சத்தம் தானாகவே மலையிலிருந்து இறங்கி வந்தது, வாசலில் நின்ற மகன் அதை அடையாளம் கண்டு "அப்பா வாராரு" என்றான் என்று முடித்தார். கணக்கப்பிள்ளையின் மகன் கொழும்புக்குப் போய் அவரோடு பேச்சில்லாமல் இருந்த காலம் அது. மனுஷன் கொஞ்ச நேரம் வாளியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். இரண்டு நாள் மலையில் சத்தம் இல்லை. மூன்றாம் நாள் வழக்கம்போலக் கத்தினார்.

"அது அவரப் பத்தின கதைதானேக்கா?" என்றேன்.

"கதைக்குள்ள ஆளே கெடையாது தம்பி. கேக்கிறவங்கதான் ஆளு."

இதுதான் அவர் எப்போதும் சொல்கிற சொல். எங்கே போய் முட்டினாலும் கடைசியில் இங்கேதான் கொண்டுவந்து விடுவார்.

கேசட் விஷயத்துக்கு வருகிறேன். நான் ரம்புக்கனையில், நானா என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் முதலாளியின் ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். கல்யாணம், பெரியபிள்ளைச் சடங்கு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்போம். அதோடு வெளிநாட்டுக் கேசட் என்று ஒன்று உண்டு. வீட்டு வேலைக்குக் குவைத் போன பெண்களுக்கு ஊரிலிருந்து குடும்பமாக நின்று பேசி அனுப்புகிற வீடியோ அது. லீவில் வந்து திரும்பிப் போகிற யாராவது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோவார்கள். எங்கள் தோட்டத்துக் கேசட்டெல்லாம் என் பொறுப்பு.

அந்தக் கேசட்டுக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கெட்ட செய்தி சொல்லக்கூடாது. அங்கே தனியாகக் கிடக்கிறவளுக்கு இங்கேயுள்ள கஷ்டத்தைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பார்கள். எல்லோரும் நல்ல சேலை கட்டி, தலை படிய வாரி, "நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம், நீ ஒன்னுக்கும் கவலப்படாத" என்று வரிசையாகச் சொல்லவேண்டும். மாடு செத்துப்போன வீட்டில் பக்கத்து வீட்டு மாட்டைக் கட்டிவைத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள், எடுத்திருக்கிறேன். மாமனார் இறந்து மூன்று மாதமான வீட்டில், "அப்பா நாவலப்பிட்டிக்குப் போயிருக்காரு" என்றார்கள், அதையும் எடுத்திருக்கிறேன். அங்கே இருக்கிற பெண்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இவர்கள் மறைப்பார்கள் என்று தெரிந்துதான் கேசட்டைப் போட்டுப் பார்ப்பார்கள். வரிசையில் யார் இல்லை, யார் மெலிந்திருக்கிறார்கள், மாடு ஏன் வாலை அந்தப் பக்கம் ஆட்டுகிறது என்று தேடித் தேடிப் பார்ப்பார்கள்.

ஒரு வீட்டில் இப்படிப் பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் எல்லோருக்கும் பேச்சு தீர்ந்துவிட்டது. கேசட்டில் இடம் நிறைய இருந்தது. "கடைசி வீட்டக்காவ ஒரு கத சொல்லச் சொல்லுவோமே" என்று யாரோ சொன்னார்கள். அப்படித்தான் தொடங்கியது. இரண்டு மாதத்தில் குவைத்திலிருந்து கடிதம் வந்தது. கதை சொன்ன அக்காவை இன்னும் இரண்டு கதை சொல்லச் சொல்லுங்கள், பக்கத்து மாடிகளில் இருக்கிற நம்ம ஆட்களும் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தது. குப்பை போட இறங்குகிற நேரத்தில் கேசட் கைமாறுமாம். அதற்குப் பிறகு அக்கா கதை இல்லாமல் எங்கள் தோட்டத்திலிருந்து கேசட் போனதில்லை.

கெமராவைப் பார்த்துக் கதை சொல்ல அவர் சம்மதிக்கவே இல்லை. "அந்த ஓட்டைக்கு மூஞ்சியும் இல்ல மூக்கும் இல்ல. யார்கிட்டடா சொல்றது" என்றார். கடைசியில் கெமராவை முக்காலியில் வைத்து, அதற்குக் கீழே என்னை உட்காரவைத்தார். நான் அசையக்கூடாது. ஒவ்வொரு இடத்திலும் "ம்" கொட்டவேண்டும். இல்லாவிட்டால் கதை நின்றுவிடும். எல்லாக் கேசட்டிலும் என் "ம்" சத்தம் இருக்கும். நானா ஒருநாள் போட்டுக் கேட்டுவிட்டு, "என்ன மகன், படத்துக்குள்ள ஒரு மாடு நிக்கிது போல" என்று சிரித்தார்.

இனி என் வீட்டுக் கதை. என் மனைவி புஷ்பா குவைத் போனது தொண்ணூற்றாறில். அப்போது எங்கள் மகள் சுதாவுக்கு இரண்டரை வயது. என் தங்கை செல்வி எங்களோடு இருந்தாள், பிள்ளையை அவள் பார்த்துக்கொண்டாள். ஒரு வருடம் போவதற்குள் சுதா செல்வியை அம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். ஆரம்பத்தில் செல்வி திருத்தினாள். "அத்தைன்னு சொல்லு" என்பாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். புஷ்பா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஸ்டூடியோவுக்கு டெலிபோன் எடுப்பாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவேன். அது ரிசீவரைப் பார்த்துப் பேசாமல் நிற்கும். "வெக்கப்படுறா" என்று சொல்லுவேன். பிள்ளை செல்வியை அம்மா என்பதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்பதுதானே சட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது வருடம் புஷ்பாவுக்கு ஒரு கேசட் எடுத்தோம். செல்விக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்து, பிள்ளையைப் பேசவிடாமல் சிரிக்கமட்டும் வைத்து, எல்லாம் ஒழுங்காக முடித்தேன். செல்வி சுதாவைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போனாள். பிறகு அக்கா வந்து உட்கார்ந்தார். நான் கெமராவுக்குக் கீழே உட்கார்ந்தேன். உருட்டத் தொடங்கினார்.

ஆற்றோரத்தில் ஒருத்தி. அவள் வீட்டு அடுப்பு அணைந்துவிட்டது. நெருப்பு கேட்டு ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போகிறாள். வாங்கித் திரும்புவதற்குள் வெள்ளம் வந்துவிட்டது. அக்கரையிலேயே மாட்டிக்கொண்டாள். நாளாகிறது, மாதமாகிறது. சிரட்டையில் வாங்கிய நெருப்பை அணையவிடாமல் ஊதி ஊதி வைத்திருக்கிறாள். இக்கரையில் அவள் பிள்ளை பசியில் அழுகிறது. பக்கத்து வீட்டுக்காரி வந்து அடுப்பை மூட்டிக் கஞ்சி காய்ச்சுகிறாள். தினமும் காய்ச்சுகிறாள். ஒருநாள் கஞ்சியை வாங்கும்போது பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிடுகிறது.

நான் "ம்" கொட்டவில்லை.

"என்ன தம்பி, சத்தத்தக் காணோம்?" என்றார் அக்கா.

"ம்" என்றேன். எனக்கே கேட்டிருக்காது.

வெள்ளம் வடிந்தது. அவள் சிரட்டை நெருப்போடு ஓடி வருகிறாள். தன் வீட்டுக் கூரையில் புகை தெரிகிறது. வாசலில் வந்து நிற்கிறாள். உள்ளே அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருக்கிறது. பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிச் சொல்கிறது: "அம்மா, யாரோ நெருப்பு கேட்டு வந்திருக்காங்க."

அந்த இடத்தில் கெமராவின் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. பெட்டரி முடிந்துபோயிருந்தது. பக்கத்திலிருந்த கண்ணாடி அலமாரியில் விளக்கு தெரியும், அதனால் பார்த்தேன். இன்னொரு பெட்டரி ஸ்டூடியோவில் இருந்தது. அக்காவிடம் சொல்லியிருக்கவேண்டும். நான் சொல்லவில்லை. அவர் மிச்சக் கதையையும் எனக்குச் சொல்லி முடித்தார்.

"'ஆமா புள்ள, நெருப்பு கேட்டுத்தான் வந்தேன்'னு சொன்னா அவ. அந்த அடுப்புலேயே ஒரு கொள்ளிய வாங்கிக்கிட்டு, திரும்ப ஆத்தக் கடந்து போயிட்டா. இக்கரையில எல்லாரும் நிம்மதியா இருந்தாங்க." உருண்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்தக் கேசட்டை அப்படியே அனுப்பினேன். பாதியில் நின்ற கதையோடு அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று கேட்டால், கொண்டுபோகிற பெண் மறுநாள் காலையில் புறப்படுகிறாள், வேறு வழியில்லை என்று அப்போது சொல்லியிருப்பேன்.

ஒன்றரை மாதம் கழித்து, மழை கொட்டுகிற ஒரு பகலில் புஷ்பா வந்து நின்றாள். வேலைக்குப் பேசிப் போன இரண்டு வருடம் முடியவில்லை. மேடத்தின் காலில் விழுந்து, சாப்பிடாமல் கிடந்து, அடம்பிடித்து டிக்கட் வாங்கியிருக்கிறாள். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து கொழும்புக் கோட்டைக்கு வந்து, ரயில் ஏறி ரம்புக்கனையில் இறங்கி, ஸ்டூடியோப் பக்கம்கூடத் திரும்பாமல் நேராகத் தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். நான் ஸ்டூடியோவில் ஒரு கல்யாணப் படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். செல்வி சொல்லித்தான் நடந்தது தெரியும். சுதா வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாளாம். நனைந்த சேலையோடு நின்றவளைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்றாளாம்.

நான் வீட்டுக்கு வந்தபோது புஷ்பா அடுப்புக்குப் பக்கத்தில் பெட்டியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். செல்வி மூலையில் அழுதுகொண்டிருந்தாள். பிள்ளை செல்வியின் மடியில்.

"யாரு சொன்னா ஒனக்கு?" என்றுதான் முதலில் கேட்டேன். பார்த்த உடனே கேட்கிற கேள்வியா அது.

"நீங்கதான் சொன்னீங்க," என்றாள். "கத முழுக்க ம், ம்னு சொல்லிக்கிட்டே வந்தீங்க. அந்த எடத்துல மட்டும் சத்தம் இல்ல. ஒங்க சத்தத்தக் கேக்கத்தானே அந்தக் கேசட்டத் திரும்பத் திரும்பப் போடுவேன். எனக்குத் தெரியாதா?"

நான் நனைந்த சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன்.

"புள்ள செத்துப்போச்சோன்னு மொதல்ல நெனச்சேன். கதைய வச்சு எனக்குச் சாடையாச் சொல்றாங்கன்னு நெனச்சேன். பெறகு படத்துல சுதாவப் பாத்தேன். சிரிக்கிறா, ஒரு வார்த்த பேசல்ல. செல்வி அவ கையப் புடிச்சுக்கிட்டே இருந்தா. அப்பத்தான் வெளங்கிச்சு."

மறுநாளும் மழை, வெட்டு இல்லை. காலையிலேயே புஷ்பா கடைசிக் காம்பராவுக்குப் புறப்பட்டாள். லயத்தில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பின்னாலேயே போனார்கள். ஒரு குடும்பத்துக் குறையைக் கதையாகக் கட்டிக் குவைத் வரைக்கும் அனுப்பிய பொம்பளை, இன்றைக்கு மாட்டிக்கொண்டாள் என்றுதான் பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அக்கா மாட்டிக்கொள்ளவேண்டும் என்று ஆசைப்பட்டேன். பழியை வைக்க எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

புஷ்பா சண்டை போடவில்லை. அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, கத பாதியில நின்னுருச்சு. நெருப்பு கொண்டாந்தவ என்ன செஞ்சா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கதை பாதியில் நின்ற விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரியும். கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. புஷ்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். இவ்வளவு நேரம் அவர் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை. மடியில் உருட்ட ஒன்றும் இல்லை, கைகள் சும்மா கிடந்தன.

"அவ ஒன்னும் பேசல்ல," என்றார். "நான்தான் ஒங்கம்மான்னு சொல்லல்ல. மத்தவள எழும்பச் சொல்லல்ல. உள்ள போயி, கொண்டாந்த நெருப்ப அந்த அடுப்புலேயே போட்டா. பக்கத்துல உக்காந்து ஊதுனா. ரெண்டு நெருப்பும் ஒன்னாப் போச்சு. எது யாரு கொண்டாந்ததுன்னு யாருக்கும் தெரியல்ல. அவ ஊதிக்கிட்டே இருந்தா."

"பெறகு?"

"ஊதிக்கிட்டே இருந்தா. அவ்வளவுதான் கத."

புஷ்பா எழுந்து வீட்டுக்கு வந்தாள். செல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவினாள். அன்றைக்கு மட்டுமில்லை, மாதக்கணக்கில் அப்படித்தான் இருந்தாள். தன்னை அம்மா என்று கூப்பிடச் சொல்லிப் பிள்ளையிடம் ஒருநாளும் கேட்கவில்லை, இழுத்து மடியில் வைக்கவில்லை, அழுததையும் காட்டவில்லை. சுதா கொஞ்ச நாள் இரண்டு பேரையும் அம்மா என்று கூப்பிட்டாள். செல்விக்கு றக்வானைப் பக்கம் கல்யாணமாகிப் போனபோது பிள்ளை மூன்று நாள் சாப்பிடவில்லை. இப்போது சுதா பதினோராம் வகுப்பில், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அம்மாவும் மகளும் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிட்டுச் சிரிக்கிற அளவுக்கு ஒற்றுமை.

அக்கா அதற்குப் பிறகு கெமராவுக்கு முன்னால் உட்காரவில்லை. எத்தனை பேர் கெஞ்சினாலும், "போன கதைக்குப் பின்னாலேயே நான் போக ஏலாதே" என்று சொல்லிவிட்டார். கொஞ்ச வருடத்தில் வேலையிலிருந்து நின்று, பெல்மதுளைப் பக்கம் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குப் போனார். இருக்கிறாரா, இல்லையா தெரியாது. போய்ப் பார்க்க எனக்கு வழி இருந்தது. போகவில்லை. அதற்குக் காரணம் புஷ்பா வந்த நாலைந்து நாளில் நடந்த ஒரு பேச்சு.

மழை விட்டு வெட்டுத் தொடங்கிய முதல் காலை. அக்காவைத் தேடி மலைக்குப் போனேன். அவர் மரத்துக்கு மரம் போய்க்கொண்டிருந்தார், நான் பின்னாலேயே போனேன். என்னைக் கண்டும் கத்தியை நிறுத்தவில்லை.

"அக்கா, எனக்கு ஒன்னு வெளங்கல்ல. அது எங்க வீட்டக் கதையாச் சொன்னதுதானே?"

"கதைக்குள்ள ஆளே கெடையாது."

"அத விடுங்க. அன்னைக்கு எனக்கு வேற மாதிரி முடிச்சீங்க. அவ திரும்பிப் போயிட்டான்னு சொன்னீங்க. எல்லாரும் நிம்மதியா இருந்தாங்கன்னு சொன்னீங்க. புஷ்பாவுக்கு வேற மாதிரி சொன்னீங்க."

"ஆமா."

"ஏன்?"

"அன்னைக்கு எனக்கு எதுர்ல நீ உக்காந்திருந்த. பெறகு அவ உக்காந்திருந்தா."

எனக்குப் புரிய ஒரு மரம் ஆனது. அவர் அடுத்த மரத்துக்குப் போய், காய்ந்த பாலை உரித்து மடியில் போட்டுக்கொண்டு, பட்டையைச் சீவினார். கோடு வழியாகப் பால் இறங்கிச் சிரட்டையில் சொட்டத் தொடங்கியது.

"என் மூஞ்சில அப்பிடியா இருந்துச்சு?" என்றேன்.

அக்கா திரும்பினார். கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. கதை சொல்லும்போது பார்க்கிற அதே பார்வை. அதைத் தாங்க முடியாமல் நான்தான் குனிந்தேன்.

"அத என்கிட்டக் கேக்கிறியே தம்பி," என்றார். கத்தியோடு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். புஷ்பா இல்லாத காலத்தில் செல்வி சமைத்தாள், பிள்ளை அழாமல் இருந்தது, குவைத்திலிருந்து வந்த காசில் வீட்டுக்குத் தகரம் போட்டோம். எல்லாம் ஓர் ஒழுங்கில் போய்க்கொண்டிருந்தது. நான் புஷ்பாவை நினைத்து அழுத நாட்கள் உண்டு, அது பொய்யில்லை. அப்படியென்றால் பெட்டரி முடிந்ததை ஏன் சொல்லவில்லை? அவள் வராமல் இருந்தாலும் பரவாயில்லை என்று நான் நினைத்தேனா? நினைக்காததை அந்தப் பொம்பளை என் முகத்தில் ஒட்டிவிட்டாளா? பத்துப் பதினொரு வருடமாகக் கேட்டுப் பார்க்கிறேன். ஒருநாள் ஆம் என்று தோன்றும், ஒருநாள் இல்லவே இல்லை என்று தோன்றும்.

அன்றைக்கு மலையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது, புஷ்பா வாசலில் குந்தியிருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி சுதா உட்கார்ந்து, சுளகிலிருந்து விழுகிற அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி இருந்தது.

"அக்காவப் பாக்கவா போனீங்க? என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் புஷ்பா.

"ஒன்னுமில்ல," என்றேன்.

அவள் சுளகை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் முகம் கழுவப் பீலிக்குப் போனேன்.